இரண்டு பச்சை, நடுவில் வெள்ளை

டார்கோ
9 மே 1994

கிளாரிக்கு,

உன் நலம் கேட்க மனசே வரவில்லை. மேவிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "முதல்ல என் தம்பி தோள் எப்படி இருக்குன்னு கேளுங்க, அப்புறம் திட்டிக்கோங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன். இனி திட்டுகிறேன்.

பாஸ்கோ பண்ணை ஓடையில் போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டைக் கடமான் செத்துக் கிடந்தது. வயிற்றில் அம்பு. பாஸ்கோ அம்மாளின் நாய்தான் கண்டுபிடித்ததாம். மாடுகள் குடிக்கிற தண்ணீரில் அது எத்தனை நாள் கிடந்ததோ. அந்த அம்மாள் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து, ஒடிந்த அம்பின் இறகுப் பக்கத்தை என் கையில் திணித்தாள். "மடி நிறைய பால் இருந்துச்சு, நெவில். குட்டி எங்கன்னு உங்க சங்கத்துக்காரங்களக் கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, காரின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

அம்பைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பச்சை வட்டம், நடுவில் ஒரு வெள்ளை வட்டம். வான்கோழி இறகு, அடியில் பச்சை நூல். உன் கையெழுத்தைக்கூட ஒருத்தன் கள்ளத்தனமாகப் போட்டுவிடலாம், இந்த வட்டத்தை எவன் போடுவான்? எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டாம். நம் வில்வேட்டைச் சங்கம் ஆரம்பித்த அன்று நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு அம்பு மாற்றிக்கொண்டோமே, அந்த உன் அம்பு பதினேழு வருஷமாக என் தூணியின் கடைசிப் பொந்தில் இருக்கிறது. விருந்தாளி அம்பு என்று நாம் பேர் வைத்தது. எய்வதற்கல்ல, கூட வருவதற்கு.

ஏன் இப்படிச் செய்தாய்? அடித்து, மான் தப்பிப் போயிற்றா? போகட்டும், எல்லோருக்கும் நடக்கிறது. சங்கக் கொட்டகைச் சுவரில், அப்படி மானைத் தொலைத்தவர்களின் பதினொரு அம்பு ஆணி அடித்துக் கிடக்கிறதே, அதில் ஒன்று என்னுடையது. வந்து சொன்னேன், நாணைக் கழற்றிக் கொடுத்தேன், ஒரு வருஷம் வில்லைத் தொடவில்லை. யாராவது என்னைக் கேவலமாகப் பார்த்தார்களா? சொல்லாமல் இருந்தாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கூட அதற்கு முந்தின வியாழக்கிழமை அங்கேதான் இருந்தேன். ஒரு மான் எதிர்ப்பட்டது, எய்தேன், சுத்தமாகத் தவறிவிட்டது. வீட்டுக்கு வந்து மேவிஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வருகிற 22ஆம் தேதி ஞாயிறு கூட்டம். பாஸ்கோ அம்மாள் நம் யாரையும் வேட்டைக்கு விடாமல் கேட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நீ வந்து எழுந்து நின்று சொல்ல வேண்டும். உன் போன் மறுபடியும் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் கடிதம்.

நெவில்


ஓமியோ
13 மே 1994

நெவில்,

நான் எய்யவில்லை.

பாஸ்கோ பண்ணையில் நான் கால் வைத்தே பதினாலு மாதம் ஆகிறது. இதற்குமேல் ஒரு வார்த்தை உனக்குச் சொல்ல நான் கடமைப்பட்டவன் இல்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "நீயா செய்தாய்?" என்று ஒரு இடத்திலாவது கேட்டிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. "ஏன் இப்படிச் செய்தாய்" என்றுதான் இருக்கிறது. என் அக்காவைக் கட்டி முப்பத்தொரு வருஷம் ஆகிறது உனக்கு. நான் பொய் சொல்லி நீ எப்போது பார்த்தாய்? பார்த்திருந்தால் தேதி போட்டு எழுது.

கூட்டத்துக்கு வரமாட்டேன். நின்று கெஞ்சுவதற்கு வேறு ஆளைப் பார்.

அக்காவிடம் தோள் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்.

கிளாரி


டார்கோ
23 மே 1994

கிளாரி,

நேற்றுக் கூட்டம் நடந்தது. உன் நாற்காலி காலி. உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் என்னைத் திட்டியிருப்பதால் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

பாஸ்கோ அம்மாளும் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தலைவர் டோபின் எழுந்து, "நெவில், உன் மச்சான்பா. ஒரு மாசம் தள்ளிப் போடலாமா?" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். முதல் கையும் நான்தான் தூக்கினேன். சொந்தக்காரன் என்று சலுகை காட்டினேன் என்று நாளைக்கு எவனும் பேசக்கூடாது. சங்கத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஒடிந்த அம்பைச் சுவரில் பன்னிரண்டாவதாக ஆணி அடித்து, கீழே உன் பெயரைச் செயலாளர் என்ற முறையில் நானே எழுதினேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள். கேட் திறந்திருக்கும் என்றாள்.

அதே கூட்டத்தில் இன்னொரு கூத்து. ஸ்வான் ஹில்லிலிருந்து ஒருத்தன் காம்பவுண்ட் வில்லோடு வந்து நிற்கிறான், சங்கத்தில் சேர வேண்டுமாம். இரண்டு பக்கமும் சக்கரம், கம்பி கம்பியாகக் கயிறு, குறிபார்க்க மூன்று ஊசி. சைக்கிள் கடையில் வாங்கினாயா தம்பி என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "சார், வில்லுன்னா வில்லுதானே? எது பாரம்பரியம், எது இல்லன்னு யார் முடிவு பண்றது?" என்றான். எனக்கு வந்தது பார் கோபம். மரத்தால் வில், மரத்தால் அம்பு, பறவை உதிர்த்த இறகு, மூன்று விரல், இரண்டு கண், இருபது தப்படி. இதில் ஒன்று குறைந்தாலும் அது வேட்டை இல்லை, கடைக்குப் போய் இறைச்சி வாங்குவது. இழுக்க உடம்பில் தெம்பு இல்லாதவன் தூண்டில் போட்டு மீன் பிடிக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா தட்டை என் முன்னால் வைத்தாள், வைத்த சத்தத்தில் பீன்ஸ் எல்லாம் எகிறிற்று. "அவன் இல்லன்னு சொன்னா இல்லதான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா சின்ன வயசில எங்கப்பாகிட்ட அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டான்" என்றாள். நான் அம்பைப் பார்த்தேன், உன் அக்கா உன்னைப் பார்க்கிறாள். என்ன செய்யச் சொல்கிறாய் என்னை?

நெவில்


ஓமியோ
28 மே 1994

நெவில்,

சக்கரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது அதே மாதிரி ஒரு வில் என் சமையலறை மேஜைமேல்தான் இருந்தது. ஆமாம். நன்றாகச் சிரி. டோபினைக் கூப்பிட்டு, அவனையும் சிரிக்கச் சொல்.

போன வருஷம் பிப்ரவரியில் தோளில் கத்தி வைத்தார்களே, அப்போது டாக்டர் சொன்னதை நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "ஐம்பது பவுண்டு வில்லை இனிமே இழுத்தீங்கன்னா, அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க, கையைத் தொட்டில் கட்டிக்கிட்டு வீட்டிலயே இருங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்துக் கொட்டகைக்குப் பின்னால் போய் நெடுவில்லை இழுத்துப் பார்த்தேன். கன்னம் வரை வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். பாஸ்கோ பண்ணைக்கு அதற்கு முந்தின வாரம் போனதுதான் கடைசி, அதுவும் வில் இல்லாமல், சும்மா நடந்து பார்க்க.

பிறகு மெல்பர்னுக்குப் போய், தெரிந்தவன் எவனும் இல்லாத கடையாகப் பார்த்து, ஒரு சக்கர வில் வாங்கினேன். அதை முழுக்க இழுத்துவிட்டால் பாரம் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் தோள் தாங்குகிறது. திருடியவன் மாதிரி கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒரு வருஷமாகக் கூட்டத்துக்கு வராததற்கு ஆட்டுக்குச் சீக்கு, வேலி விழுந்தது என்று சாக்குச் சொன்னேன். அந்தப் பொய்க்கு வேண்டுமானால் என்னைத் தூக்கியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நீ "இழுக்கத் தெம்பு இல்லாதவன்" என்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியைப் படித்தபின் இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வில்லால் அறுபது தப்படியில் ஒரு ஆப்பிளை அடிப்பேன். சும்மா சொல்லவில்லை, அடித்தேன். ஆனால் இந்த வருஷம் முழுக்க இருபது தப்படிக்கு மேல் ஒரு மானை நோக்கி நாணை விடவில்லை. பதினாலு மான் என் முன்னால் நின்றன. முப்பதில், நாற்பதில், ஒன்று பக்கவாட்டில் அப்படியே சிலை மாதிரி. ஊசி அதன் நெஞ்சில் இருந்தது. இறக்கிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் எய்தேன், பதினாறு தப்படி. அடிபட்டது அடங்கட்டும் என்று அரைமணி உட்கார்ந்தேன், பிறகு போய் எடுத்தேன். எவனும் பார்க்கவில்லை. பாரம்பரியம் என்று கூட்டத்தில் வாய் கிழியப் பேசினாயே, அது எந்த மரத்தில் காய்க்கிறது மச்சான்?

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. சக்கர வில்லில் மர அம்பைப் பூட்டினால் என்ன ஆகும்? உனக்குத் தெரியும். நாணை விட்ட நிமிஷம் அம்பு சிதறி, சிம்பு இடது கையில் ஏறும். அதனால்தான் அதற்கு அலுமினிய அம்பு. அந்த மர அம்பை எய்ய எனக்கு நெடுவில் வேண்டும், நெடுவில்லை இழுக்க எனக்குத் தோள் வேண்டும். என் தோளை வெட்டிய டாக்டரின் பெயரும் விலாசமும் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது, கேட்டுக்கொள்.

நான் கடைசியாக மர அம்பு செய்தது தொண்ணூற்று இரண்டில். அதில் மிச்சம் ஒன்பது, ஒன்பதும் இங்கே என் பெட்டியில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன். என் வட்டம் போட்ட இன்னொரு அம்பு இந்த உலகத்தில் ஒரே ஒரு தூணியில்தான் இருந்தது. அதை நீயேதான் முதல் கடிதத்தில் எழுதினாய். அந்தத் தூணிக்காரன்தான் அதற்கு முந்தின வியாழக்கிழமை அங்கே ஒரு மானைச் "சுத்தமாகத்" தவறவிட்டானாம்.

போய்த் தூணியைத் திற.

கிளாரி


டார்கோ
1 ஜூன் 1994

கிளாரி,

திறந்தேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். போகும்போதுகூட உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன், மேவிஸ் சாட்சி. மழைக்கு மூடி போட்டுக் கட்டிய தூணி அன்றைக்கு மாட்டிய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்தேன். இரண்டு அம்பு. இரண்டும் சிவப்பு, கறுப்பு, சிவப்பு. என்னுடையவை. கடைசிப் பொந்து காலி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாலு அம்போடு போனேன், மூன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. காலையில் ஒன்று பாறையில் பட்டு ஒடிந்தது. சாயங்காலம் தூறலில் அந்தப் பெட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. ஆறு வாரமாக ஒன்றுமே கிடைக்கவில்லை, உனக்குத் தெரியுமே என் வாயை, கூட்டத்தில் எல்லோரும் என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். மான்மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் விட்டேன், கைக்கு வந்ததை உருவினேன். எத்தனை தப்படி என்று நேற்றுப் போய் நடந்து பார்த்தேன். முப்பத்தேழு. கிளாரி, முப்பத்தேழு.

அது துள்ளி ஓடிற்று. தலைக்கு மேலே போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், நினைக்க ஆசைப்பட்டேன். அரைமணி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. கால்மணி புதரில் அம்பைத் தேடினேன், இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் வேறு, வீட்டில் சூப் காத்திருந்தது. வந்து மேவிஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்த அம்மாள் என் கையில் அம்பைத் திணித்தபோது வியாழக்கிழமை எய்த என் அம்போ என்ற பயம் எனக்கு ஒரு நொடி வந்தது. வட்டத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் உனக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். இதை உன் அக்காவிடம் சொன்னேன். "பேசாதீங்க, என் முன்னாடி நிக்காதீங்க" என்றாள். இரண்டு நாளாக என் சோற்றை நானே போட்டுக்கொள்கிறேன்.

12ஆம் தேதி அவசரக் கூட்டம் போடச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து வா.

நெவில்


டார்கோ
13 ஜூன் 1994

அன்புள்ள கிளாரி மச்சான்,

நீ வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தேழு, கால்மணி, சூப், எல்லாம். பாஸ்கோ அம்மாளை நானே போய் அழைத்து வந்திருந்தேன். அவள், "உங்க மச்சான் பேரை எழுதும்போது உங்க கை நடுங்கவே இல்லையே, நெவில். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். கேட்டைப் பூட்டிவிட்டாள். எனக்கு மட்டும். மற்றவர்கள் போகலாமாம். உன்னை எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னாள், எந்த வில்லோடு வேண்டுமானாலும்.

சுவரில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை என் கையாலேயே எழுதினேன். அம்பு உன்னுடையது, பெயர் என்னுடையது, பார்க்கவே கண்றாவியாக இருக்கிறது. நாணைக் கழற்றி டோபினிடம் கொடுத்தேன். ஒரு வருஷம் வேண்டாம், இனிமேல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் வேலையையும் விட்டேன்.

பிறகு உன் விஷயம். உன் பெயரைத் திரும்பச் சேர்க்க எல்லோரும் கை தூக்கினார்கள். ஆனால் சக்கர வில்லுக்கு மாட்டோம் என்றார்கள். நான் கத்தினேன் கிளாரி, தொண்டை கட்டிவிட்டது. "டேய், பதினாலு மானை விட்டவன் பாரம்பரியம் இல்லையா? முப்பத்தேழுல விட்ட நான்தான் பாரம்பரியமா?" என்று கேட்டேன். ஸ்வான் ஹில்காரனை நான் விரட்டியதை நினைவுபடுத்தினார்கள். நான் சொன்ன வார்த்தைகளையே, அந்தத் தூண்டில், மீன் எல்லாவற்றையும், எனக்கே திருப்பிச் சொன்னார்கள். ஏழுக்கு ஒன்பது, தோற்றேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன், அதற்கடுத்ததிலும் கேட்பேன்.

மேவிஸ் இப்போது பேசுகிறாள், கொஞ்சம். வருகிற ஞாயிறு ஆட்டுக்கால் வேகவைக்கிறாள். வா. நீ திட்டு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் சரி.

உன்,
நெவில்


ஓமியோ
21 ஜூன் 1994

நெவில்,

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், ஆகஸ்டில் அவள் பிறந்தநாளுக்கு வருவேன். அவளைப் பார்க்க.

கூட்டத்தில் நீ செய்ததெல்லாம் சரிதான். டோபினும் எழுதியிருந்தான். எழுந்து நின்று சொல்வதற்கு உன்னைவிட்டால் அங்கே ஆள் கிடையாது, அதை நான் மறுக்கவில்லை. தவறாக எய்தாய், எனக்கும் நாளைக்கே நடக்கலாம். சக்கரத்தைப் பற்றிப் பேசினாய், உனக்குத் தெரியாமல் பேசினாய். இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

அந்த நிம்மதியை மட்டும் என்னால் விட முடியவில்லை. வட்டத்தைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது என்று எழுதினாயே. மறைத்திருக்கலாம், மறைக்காமல் எழுதினாய், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் படித்துவிட்டேனே. அது என் பெயராக இருந்தது, உன்னுடையதாக இல்லை என்று உனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. ஆடுகளுக்குத் தீனி போடும்போதும் அதுதான் நினைவில் வருகிறது, ஓடிப்போய் உன்னை நாலு அறை அறையலாமா என்றுகூட வருகிறது. தோள் ஒத்துழைக்காது.

இதோடு ஒரு நீளப் பொட்டலம் வருகிறது. சிவப்பு, கறுப்பு, சிவப்பு. சங்கம் ஆரம்பித்த அன்று நீ எனக்குக் கொடுத்தது. சக்கர வில்லின் தூணியில் ஐந்து அம்புக்குத்தான் பிடிமானம் உண்டு, நான் பக்கவாட்டில் டேப் சுற்றி ஆறாவதாக இதையும் கட்டிக்கொண்டுதான் போனேன், அந்த அலுமினியக் குச்சிகளுக்கு நடுவே. பதினாலு மானுக்கு முன்னாலும் இது என் கூட இருந்தது. ஒருநாள்கூட என் கை இதைத் தவறி உருவவில்லை.

நுனியைத் துணியில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளாதே. இறகு ஒன்றும் நசுங்கவில்லை, வாங்கியபடியே இருக்கிறது. பெற்றுக்கொண்டதாக எனக்கு எழுத வேண்டாம்.

கிளாரி